சிகரெட்டை விடுகிறவனுக்குக் காவல்காரர் வேண்டாம்

நான் பார்த்தவரை நம்ம ஊரில் சிகரெட்டை விடுகிற ஆண்கள் அதை ரகசியமாகத்தான் விடுகிறார்கள். காரணம், பிடித்ததும் ரகசியமாகத்தான். பிள்ளை பத்தாம் வகுப்பு படிக்கிற வயதிலும், அப்பா தெருமுனையில் வருகிறார் என்று தெரிந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுச் செருப்பால் மிதித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல வேட்டியைச் சரிசெய்துகொள்கிற மனிதர்கள் நாம். வீட்டுக்குள் நுழையும் முன் வாயில் ஒரு ஹால்ஸ், விரலிடுக்கில் கசக்கிய கறிவேப்பிலை, நேராகக் குளியலறை. வீட்டில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள், அவர்களுக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும், இப்படியே இருபது வருஷம் ஓடிவிடும்.

சிக்கல் எப்போது வருகிறதென்றால் அந்த ஆள் ஒருநாள் விடலாம் என்று முடிவெடுக்கும்போது. பிடிப்பதாகவே ஒப்புக்கொள்ளாதவன் விடப்போகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வான்? சொன்னால் "அப்ப இத்தனை நாளா?" என்று பழைய கணக்கெல்லாம் எடுத்து விசாரணை ஆரம்பமாகிவிடும். ஆகவே சொல்லாமல் தனியாக விடுகிறான். மூன்றாம் நாள் தலை வெடிக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை, பிள்ளை பென்சிலைத் தொலைத்ததற்கெல்லாம் கத்துகிறான், வீட்டில் காரணம் புரியாமல் "ஏன் இப்படி எரிஞ்சு விழறீங்க" என்கிறார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு இருக்கிற ஒரே இடம் டீக்கடை. அங்கே நிற்கிற அத்தனை பேர் கையிலும் சிகரெட். அப்புறம் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நான் விட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. அது தெரிந்ததிலிருந்து யாராவது வந்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விடுகிறவர்களைவிடப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மனைவிகள், தங்கைகள், ஒரே அறையில் தங்கியிருக்கிற நண்பர்கள். "அவர் விடப்போறேங்கிறார், நான் என்ன செய்யணும்?" என்பதுதான் கேள்வி. விடுகிறவர்களுக்குப் புத்தி சொல்லி எழுதியது நிறைய இருக்கிறது, அதை நான் மறுபடி எழுதப்போவதில்லை. இது அந்தப் பக்கத்து ஆளுக்கு.

முதலில் உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். இழுத்த புகையில் இருக்கிற நிக்கோட்டின் பத்திருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே கடைசி சிகரெட் முடிந்த சில மணி நேரத்திலேயே படபடப்பு தொடங்கிவிடுகிறது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சம். எரிச்சல், கவனம் சிதறுவது, தூக்கமின்மை, கண்டபடி பசி எல்லாம் சேர்ந்து வரும். பிறகு மெல்ல இறங்கி இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பிடித்தே ஆகவேண்டும் என்கிற அந்த வெறி ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான் இருக்கும், பிடித்தாலும் போகும், பிடிக்காவிட்டாலும் போகும். இது தெரிந்த மனைவி அந்த வாரத்தில் ஸ்கூல் ஃபீஸ், நாத்தனார் வீட்டு விசேஷம், மாமியார் மருந்துச் செலவு இதையெல்லாம் பேச எடுக்கமாட்டார். அது ஒன்றே பெரிய உதவி. கோபத்தை முழுக்கப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று நான் சொல்லவில்லை, கை நீட்டுகிறவனுக்கு நிக்கோட்டின் ஒரு சாக்கு அல்ல. ஆனால் சாதாரணமான சிடுசிடுப்பு என்றால் அதற்கு ஒரு தேதி இருக்கிறது, முடிந்துவிடும்.

இருமல் விஷயமும் அப்படித்தான். விட்ட பிறகு சிலருக்கு இருமல் கூடும். புகையில் முடங்கிக்கிடந்த மூச்சுக்குழாயின் மெல்லிய மயிரிழைகள் திரும்ப வேலைசெய்யத் தொடங்கிச் சளியை வெளியே தள்ளுவதால் வருவது அது. இது தெரியாமல் "விட்டதும்தான் இருமலே வந்துச்சு, எனக்கு அது ஒத்துக்கல" என்று திரும்பப் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். ரத்தமாக வந்தாலோ, வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ டாக்டரிடம் போகவேண்டும், அது வேறு.

நாகரிகம் கருதி யாரும் பேசாத ஒன்று, காலைக்கடன். நம்ம ஊர் ஆண்களில் எத்தனையோ பேருக்குக் காலையில் ஒரு தம் அடித்தால்தான் வயிறு இளகும். இது மனப்பிரமை இல்லை, நிக்கோட்டின் குடலைத் தூண்டுகிறது. விட்ட முதல் சில வாரம் மலச்சிக்கல் வருவது சகஜம். உறுதியாக நின்ற ஆட்களைக்கூட இந்த அற்பக் காரணம் சாய்த்திருக்கிறது, வெளியே சொல்லவும் வெட்கம், உள்ளே இருக்கவும் முடியவில்லை. ராத்திரி ரெண்டு வாழைப்பழம், காலையில் வெந்நீர், சாப்பாட்டில் கீரையும் காயும் கொஞ்சம் கூட. இதை ஒரு பேச்சும் இல்லாமல் தட்டில் வைக்கிற வீடு எந்தப் போதனையையும்விட மேலானது.

அடுத்தது டீ. புகையில் இருக்கிற சில ரசாயனங்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகின்றன, அந்த நொதிதான் காஃபினை உடைக்கிறது. அதனால் புகைபிடிக்கிறவர் உடம்பில் டீ, காபியின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும். விட்டதும் அந்த முடுக்கம் நின்றுபோகிறது. அதே டீயைக் குடித்தால் ரத்தத்தில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை நிற்கும். ஒரு நாளைக்கு ஆறேழு டீ குடிக்கிற மனிதருக்கு விட்ட வாரத்தில் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் அதில் ஒரு பங்கு டீயுடையது, அவர் எல்லாப் பழியையும் சிகரெட் இல்லாததன் மேல் போட்டுக்கொண்டிருப்பார். டீயைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மனநோய்க்கான சில மருந்துகளுக்கும் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கிற தியோபிலினுக்கும் இதே கதைதான், அவற்றைச் சாப்பிடுகிறவர் புகையை விட்டால் அளவை மாற்றவேண்டி வரலாம், டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

இனி, காவல் காக்கிற விஷயம்.

ஒருவர் விடப்போகிறேன் என்று வாய் திறந்து சொன்ன அடுத்த நிமிஷம் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆகிவிடுகிறது. வாயை மோந்து பார்ப்பது, சட்டைப்பையைத் துழாவுவது, வண்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பது, "டீக்கடைல நின்னீங்களாமே" என்று ஒற்றர் தகவல். அன்பில்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எதைக் கற்றுக்கொடுக்கிறது? ஒளிப்பதை. அதில் ஏற்கெனவே டிகிரி முடித்தவர்கள் நாம். 1990ல் அமெரிக்காவில் ஷெல்டன் கோஹனும் எட்வர்ட் லிக்டன்ஸ்டைனும் சேர்ந்து இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விடுகிறவர்களின் துணைவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று கேட்டுப் பார்த்தபோது, ஊக்கமான செயல்களுக்கும் நச்சரிப்புக்கும் இடையிலான விகிதம் எவ்வளவு நல்லதாக இருந்ததோ அந்த அளவுக்கு அவர்கள் விட்டது நிலைத்தது. பாராட்டு இருந்தாலும் நச்சரிப்பு அதைவிட அதிகமாக இருந்தால் பிரயோசனம் குறைவு.

இதற்குப் பிறகு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இது தெரிந்ததும், சரி, துணைவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிடலாமே என்று பல இடங்களில் சோதனை செய்து பார்த்தார்கள். பெரிதாகப் பலன் தெரியவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. பத்து வருஷமாகக் குத்திக்காட்டியே பேசிப் பழகிய இரண்டு பேருக்கு ஒரு கையேட்டைக் கொடுத்து "இனிமேல் ஊக்கமாகப் பேசுங்கள்" என்றால் என்ன ஆகும்? ஏற்கெனவே அந்த வீட்டில் உண்மையைப் பேச இடம் இருக்கிறதா என்பதுதான் விஷயம். இல்லையென்றால் அந்த இடத்தை உண்டாக்குவதுதான் முதல் வேலை, சிகரெட் அதற்கு அப்புறம்.

இதில் மிக மோசமானது சத்தியம் வாங்குவது. "புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க." என் மச்சினன் வீட்டில் இது நடந்தது. அவனும் அடித்துச் சத்தியம் பண்ணினான். அடுத்த வாரம் அலுவலகத்தில் ஒரு பிரச்சினை, ஒன்று பிடித்துவிட்டான். சத்தியம் இல்லாமல் இருந்தால் அன்றைக்கே வீட்டில் சொல்லியிருப்பான். சத்தியம் இருந்ததால் சொல்லவும் முடியவில்லை, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வேறு, அந்தப் பயத்தில் இன்னொன்று. சத்தியம் சறுக்கலுக்கு இடமே வைக்காது, சறுக்காமல் விட்டவர்களோ கொஞ்சம் பேர்தான். எந்த உதவியும் மருந்தும் இல்லாமல் விட முயல்கிறவர்களில் ஆறு மாதம், ஒரு வருஷம் தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் என்பதுதான் பல ஆய்வுகளில் வந்திருக்கிற கணக்கு. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. முதல் தடவை தோற்றவனைப் பார்த்து "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

மனவுறுதி என்றதும் சபரிமலை ஞாபகம் வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளுகிற ஆள் கார்த்திகை பிறந்து மாலை போட்டதும் ஒரு மண்டலம் முழுக்கத் தொடாமல் இருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மூன்றாம் நாள் தலைவலி அவருக்கும் வந்திருக்கும், மலச்சிக்கல் அவருக்கும்தான். எப்படித் தாண்டுகிறார்? பக்தி என்று சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் அவரைச் சுற்றி நடப்பதைக் கவனியுங்கள். கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் எதிரில் வருகிறவனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பெயர் மாறி எல்லாரும் "சாமி" என்கிறார்கள். டீக்கடையில் கூட்டாளிகள் அவரைக் கண்டால் சிகரெட்டை மறைக்கிறார்கள், ஒருத்தன்கூட "ஒரு இழுப்பு இழு மாப்ள" என்று நீட்டுவதில்லை, நீட்டினால் பாவம். சாயங்காலம் டீக்கடை நேரத்தில் போக ஒரு பஜனை இருக்கிறது, அங்கே கூட உட்கார அதே நிலையில் இருக்கிற பத்துப் பேர் இருக்கிறார்கள். வீட்டில் தனிச் சமையல். ஒரு தெருவே சேர்ந்து ஒரு மனிதரைத் தூக்கி நிறுத்துகிறது. மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றுகிறார், அதோடு அத்தனை துணையும் அதே நாளில் கழன்றுவிடுகிறது. உடம்பிலிருந்து நிக்கோட்டின் போய் வாரக்கணக்காகிவிட்டது, அந்த நேரத்தில் அவரைத் திரும்ப இழுப்பது உடம்பு இல்லை, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தவரைப் பார்த்து "என்ன மாப்ள, விரதம் முடிஞ்சுச்சா, இந்தா" என்று நீட்டுகிற கைதான். ரம்ஜான் மாதத்தில் பகல் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு நோன்பு திறந்ததும் பற்றவைக்கிற நண்பர்களிடமும் இதில் ஒரு பாதியைப் பார்த்திருக்கிறேன்.

மாலை கழற்றுகிற வாரத்தில்தான் நான் எனக்குத் தெரிந்த ஆட்களிடம் பேசுவேன். கஷ்டமான பாதியை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள், அது அவர்களுக்கே தெரிவதில்லை.

டீக்கடைக் கூட்டாளிகள் என்றதும் அவர்களை வில்லன்கள் ஆக்கிவிடக் கூடாது. ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடித்து வளர்ந்த நட்பு அது. விடுகிறவனுக்குப் பயமே சிகரெட் போய்விடும் என்பது இல்லை, அந்தப் பதினொரு மணிக் கூட்டம் போய்விடும் என்பதுதான். நண்பன் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் அந்தக் கூட்டத்தைக் கடைக்கு வெளியேயும் நடத்துவது. "வா, ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்று கிளம்பினால் போதும், அல்லது கரும்புச்சாறு வண்டிப் பக்கம் நிற்கலாம். நீங்களும் பிடிக்கிற ஆள் என்றால் அவன் முன்னால் பற்றவைக்காதீர்கள், கடன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முடிந்தால் சேர்ந்து விடுங்கள். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரை வைத்து 1971 முதல் 2003 வரை பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்த தகவலை நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபௌலரும் அலசி 2008ல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைபிடிக்கிற வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது, நண்பர் விட்டால் 36, கூடப்பிறந்தவர் விட்டால் 25, சின்ன நிறுவனத்தில் சக ஊழியர் விட்டால் 34. கூடப்பிறந்தவரைவிட நண்பனும் சக ஊழியரும் மேலே இருப்பதைப் பாருங்கள். டீக்கடைக்குக் கூட வருகிறவர்கள் அவர்கள்தானே.

எல்லாவற்றையும் பாசத்தால் சாதித்துவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. மருந்து இருக்கிறது, நம் ஆட்கள் அதைக் கேவலமாக நினைக்கிறார்கள், "நான் என்ன நோயாளியா?" என்பார்கள். காலையில் கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் வேண்டும் என்கிற ஆளுக்கு வெறும் வைராக்கியம் மட்டும் போதாமல் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். பெரும்பாலானவர்கள் அதை பபிள்கம் மாதிரி சவக் சவக்கென்று மென்று, விக்கலும் குமட்டலும் வந்து தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். மெதுவாக மென்று, காரமாகச் சுரீர் என்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கவேண்டும், சுரீர் அடங்கினால் மறுபடி மெல்லவேண்டும். வாயில் வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் எதுவும் கூடாது, குடித்தால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. டாக்டர் எழுதிக்கொடுக்கிற வேரனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகளும் உண்டு. ஆனால் சிகரெட்டுக்குப் பதிலாக உதட்டுக்குள் அடக்குகிற பொட்டலத்துக்கு மாறியவனை வாழ்த்தாதீர்கள், அதுவும் புகையிலைதான்.

1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, மத்திய அரசின் உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடவேண்டும் என்பது விதி. நம் ஊரில் ஆட்கள் வாங்குவதோ சில்லறைச் சிகரெட். பாக்கெட் கடைக்காரரிடம், படமும் எண்ணும் அவர் பார்வைக்கு, பிடிக்கிறவன் கைக்கு வருவது ஒற்றைக் குச்சி. அதனால் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதுகூட உதவிதான். பேசத் தயங்கினால் நீங்களே அடித்து, எடுத்ததும் போனைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் ஒரு வாதம் தவறாமல் வரும். "அறுபது வயசுக்கு மேல விட்டு என்னடா ஆகப்போகுது?" என் பெரியப்பா பீடிக்காரர், அவருடைய வாதமும் இதுதான், பீடி இலையில் சுற்றியது அதனால் கெடுதல் குறைவு என்பது கூடுதல் வாதம். பீடி சும்மா வைத்தால் அணைந்துவிடும், அதனால் அடிக்கடி இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும், அதில் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குச் சளைத்ததல்ல. வயதுக் கேள்விக்குப் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால் பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1951ல் பிரிட்டன் டாக்டர்களுக்கே கடிதம் எழுதி அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டு, பிறகு ஐம்பது வருஷம் அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. தொடர்ந்து பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாக இறந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும் திரும்பப் பெற்றார்கள், 40ல் விட்டவர்கள் ஒன்பது, 50ல் ஆறு, 60ல் விட்டவர்களுக்குக்கூட மூன்று வருஷம் கிடைத்தது. ஆய்வு செய்த டாலும் புகைத்தவர்தான், இதற்கு முன்னால் நுரையீரல் புற்றுநோய் பற்றி அவர் செய்த ஆய்வின் முடிவைப் பார்த்து விட்டவர். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "மூணு வருஷம் கூட இருந்து உங்க பெரியம்மாகிட்ட திட்டு வாங்கவா?" என்றார். சரி, அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை. போனால் உட்கார்ந்து பேசுகிறேன், வாங்கி மட்டும் கொடுப்பதில்லை.

சறுக்கல் வருகிற இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. கல்யாண மண்டபத்தில் முந்தின நாள் ராத்திரி மொட்டைமாடி, தண்ணி அடிக்கிற இடம், அப்புறம் துக்க வீடு. சில ஊர்களில் துக்க வீட்டுப் பந்தலில் வெற்றிலை பாக்கோடு பீடி சிகரெட்டையும் தட்டில் வைத்துச் சுற்றி அனுப்புவார்கள். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எடுப்பார்கள், ராத்திரி முழுக்கக் கண் விழிக்கவேண்டும், மனசும் சரியாக இருக்காது. கூட ஒரு ஆள் போகவேண்டிய இடம் இதுதான்.

மச்சினன் இரண்டாவது தடவை விட்டபோது சத்தியம் வேண்டாம் என்று அவன் மனைவியிடம் நானே சொல்லியிருந்தேன். "அப்ப எதை நம்பி அண்ணே இருக்கிறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பிடித்தால் வந்து சொல்வான், சொன்னால் திட்டக்கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம் என்றேன். முகம் சுளித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டாள். விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆன நிலையில் அவனுடைய சிநேகிதனின் அப்பா இறந்துபோனார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன்.

"மாமா, ரெண்டு பிடிச்சிட்டேன்."

"இப்ப கையில இருக்கா?"

"இல்ல."

"சாப்ட்டியா?"

"இல்ல மாமா."

"பந்தலுக்கு வெளிய வந்து முதல்ல எதையாவது சாப்பிடு. தட்டு வர்ற பக்கம் உக்காராத."

ஒன்றுதானே என்று விடவும் கூடாது. ஒன்று பிடித்தவர்களில் நிறையப் பேர் சில வாரத்துக்குள் பழைய கணக்குக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்துவதற்கு இருக்கிற நேரம் அந்த ஒரு ராத்திரியும் மறுநாளும்தான், அதைத் திட்டுவதில் செலவழிக்க முடியாது. காடு வரை போய்விட்டு மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் வாசலிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டானாம். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, முதல்ல குளிங்க, துக்க வீட்டுத் துணியோட உள்ள வராதீங்க" என்றாளாம். சாயங்காலம் அவளே மெடிக்கல் ஷாப்புக்குப் போய் கம் வாங்கிக்கொண்டு வந்தாள், கடைக்காரர் "அண்ணன் இன்னும் விடலையா?" என்று கேட்டதற்கு "விட்டுக்கிட்டு இருக்கார்" என்று சொன்னாளாம்.